ரத்தப் பொருத்தம்

நான் பிறந்த அன்றைக்கே என் கல்யாணம் முடிவாகிவிட்டது. ஆசுபத்திரியில் என்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது அம்மாவின் கடைசித் தம்பி அரைக்கால் சட்டையோடு பக்கத்தில் நின்றிருக்கிறார். அம்மா அவரைப் பார்த்து, "இந்தாடா, இது உனக்குத்தான்" என்றாளாம். அவரும் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாராம். எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் இந்தக் கதையை யாராவது ஒருத்தர் சொல்லாமல் விட்டதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். சின்ன வயதில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. சேர்ந்த பிறகு எனக்குச் சிரிப்பு வருவது நின்றுபோனது.

மாமா கெட்டவர் இல்லை. அதுதான் என் பிரச்சினையே. பரவைச் சந்தையில் வெங்காய மண்டி வைத்திருந்தார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. சாயந்திரம் மண்டியைப் பூட்டிவிட்டு, சட்டையில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்க, விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவார். நான் வயதுக்கு வந்தபோது முறைப்படி ஓலை கட்டிக் குச்சில் போட்டவர் அவர்தான். எம்.எஸ்ஸி. முடித்து நான் ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று அழுதபோது, "படிக்கட்டும்க்கா, இப்ப என்ன அவசரம்" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பி வைத்தவரும் அவர்தான். குடிகாரனை வேண்டாம் என்று சொல்லலாம். ஊர் சுற்றியை வேண்டாம் என்று சொல்லலாம். நல்ல மனுசனை வேண்டாம் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் வார்த்தையே கிடையாது.

எனக்கு அவர் மாமாதான். புருஷனாக நினைத்துப் பார்க்க முயற்சி பண்ணினேன், முடியவில்லை. அதை விடுங்கள், அவருடையது கூட்டுக் குடும்பம். அண்ணன்மார், அண்ணிமார் எல்லோரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில். தாலி ஏறிய மறுநாள் நான் அந்த அடுப்படிக்குள் போனால் மைக்ராஸ்கோப்பைத் திரும்பத் தொடப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "உன் படிப்பெல்லாம் அவன் கேக்குற வரைக்கும்தான். அவன் வந்து பொண்ணு குடுன்னு கேட்டுட்டா மூட்டையக் கட்டிரணும்." அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஆபீசில் பேசிப் பேசிக் களைத்துப்போய் வருவாரோ என்னவோ, வீட்டில் வாயே திறக்கமாட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் பேராசிரியர் அப்போது கெளுத்தி மீனின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஆகவே நானும் கெளுத்தியின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மீன் நாற்றத்தோடு பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். இப்படியே எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் மாமா வந்து கேட்டுவிடுவார், கெளுத்தியோடு என் கதையும் முடிந்துவிடும் என்று தினமும் நினைப்பேன்.

அப்போதுதான் ஆசுபத்திரியின் தோல் டாக்டர் ஒருவர் எங்கள் பேராசிரியரைத் தேடி வந்தார். கூட ஒரு பையனும் அவன் அப்பாவும் வந்தார்கள். பையனுக்கு ஆறு வயதிருக்கும். தலையோடு சேர்த்துத் துண்டால் போர்த்தியிருந்தார்கள். துண்டை எடுத்தால், முகம் முழுக்கக் கேழ்வரகைத் தெளித்த மாதிரி கருப்புப் புள்ளி. மூக்கு நுனியில் ஆறாத புண். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் தானாகவே நகர்ந்து பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். யாரும் சொல்லவில்லை, அவனுக்கே பழகியிருந்தது.

டாக்டர் விளக்கினார். வெயிலில் நின்றால் நம் எல்லோருடைய தோலிலும் உயிரணுவுக்கு உள்ளே சின்னச் சின்னக் கிழிசல் விழுகிறது. உடம்பு அதைத் தானே தைத்துக்கொள்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தையல் வேலை நடப்பதில்லை. கிழிசல் சேர்ந்து சேர்ந்து, மீசை முளைக்கும் முன்னேயே தோலில் புற்றுநோய் வந்துவிடும். எங்கேயோ யாருக்கோ வருகிற அபூர்வமான நோய். நம் ஊர் வெயிலில் இப்படி ஒரு நோயோடு பிறப்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு குழந்தைக்கும் இருக்கிறது, மூத்த பெண்ணை ஏற்கெனவே பறிகொடுத்துவிட்டார்கள் என்றார் டாக்டர். எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்து வளர்த்து, குரோமோசோம்கள் எப்படி உடைகின்றன என்று பார்க்கலாமே என்றார். பேராசிரியர் எங்களைப் பார்த்து, "யார் போறது?" என்றார். கையைத் தூக்கினேன். கெளுத்தியிடமிருந்து தப்பிக்கத்தான் தூக்கினேன், பெரிய லட்சியம் எல்லாம் இல்லை. "பொம்பளப் புள்ள தனியாவா போவே?" என்றார். வீட்டிலும் அதே கேள்வி. மேலூருக்கு அங்கிட்டு, பஸ்சே போகாத ஊர். அம்மா முடியவே முடியாது என்றாள். காப்பி குடித்துக்கொண்டிருந்த மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். ஆராய்ச்சிக்கு வழியும் அவர்தான், ஆராய்ச்சிக்கு முற்றுப்புள்ளியும் அவர்தான். மோட்டார் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, எடுக்கிற ரத்தத்தைக் கொண்டுவர ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒத்தக்கடை டீக்கடையில் அவருக்குத் தெரிந்த ஒருத்தர், "என்ன மாப்ள, சாப்பாடு எப்ப போடப்போற?" என்றார். மாமா சிரித்தார். நான் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் சாக்கு அடித்திருந்தார்கள். வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில், உள்ளே போனால் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பையனும் அவன் தங்கச்சியும் சாக்கு ஓட்டையில் கண்ணை வைத்துத் தெருவைப் பார்த்தபடி இருந்தார்கள். பொழுது அடங்கிய பிறகுதான் வெளியே விடுவார்களாம். மற்ற பிள்ளைகள் அதற்குள் வீட்டுக்குப் போய்விடும் என்பதால் ரெண்டு பேரும் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொள்வார்கள். ஊசி போட்டபோது பையன் அழவில்லை. மாமாவின் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமா அதைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டு, "வச்சுக்கடா மாப்ள" என்றார். திரும்பக் கேட்கவே இல்லை.

ரத்தம் எடுத்து முடித்ததும் பையனின் அம்மா என்னிடம் கேட்டாள்: "எதுனால இப்பிடி வருது தாயி? யாரும் எங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்ல மாட்டேங்குறாக."

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அப்பாவிடமிருந்து ஒரு கோளாறு, அம்மாவிடமிருந்து அதே கோளாறு, ரெண்டும் ஒரே பிள்ளைக்கு வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருக்கிறவர்கள் நம்மைப்போல நன்றாகவே இருப்பார்கள், வெளியே தெரியாது. சொந்தத்துக்குள் கட்டும்போது ரெண்டு பேரிடமும் அதே கோளாறு இருக்க வாய்ப்பு கூடுகிறது.

"எங்க மாமனத்தான் கட்டியிருக்கேன். எங்கம்மா கூடப் பொறந்த தாய்மாமன். அப்ப அதுனாலங்கிறீங்க."

"அதுனால மட்டும்னு சொல்ல முடியாதுங்க. வாய்ப்பு கொஞ்சம் கூடுது, அம்புட்டுத்தான்."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். மாமா பைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அவுக யாரு?"

"எங்க மாமா."

"கட்டிக்கப் போறவுகளா?"

"ம்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "இம்புட்டும் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு நீயே ஒங்க மாமனக் கட்டப்போற. ஒன்னுமே தெரியாமக் கட்டுனவகிட்ட வந்து காரணம் சொல்ற." அதுவரை போட்டுக்கொண்டிருந்த 'நீங்க' போய்விட்டது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். வாசலில் நின்ற மாமாவுக்கும் அது கேட்டிருந்தது.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் டீக்காக நிறுத்தினார். வழக்கமாக மண்டிக் கதை ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார், அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. டீ வந்த பிறகு கேட்டார்: "அந்தம்மா சொன்னது நெசமா?"

"எது மாமா?"

"சொந்தத்துல கட்டுனா புள்ளைக இப்பிடிப் பொறக்கும்கிறது."

"எல்லாருக்கும் அப்பிடிப் பொறக்காது மாமா. நம்ம சனத்துல எம்புட்டுப் பேரு மாமனக் கட்டியிருக்காக, நல்லாத்தான இருக்காக."

இதுவும் உண்மை. 'ஆமா மாமா, கட்டாயம் பொறக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே கதவு திறந்திருக்கும். படித்த படிப்பு சொல்ல விடவில்லை. எந்தப் படிப்பைக் காப்பாற்றிக்கொள்ளத் துடித்தேனோ அதுவே என் வாயை அடைத்தது. வந்த ஆத்திரத்தில் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் கடைக்காரர் டம்ளர் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நம்ம ரத்தத்தையும் எடுத்துப் பாத்துரு. எனக்கும் ஒனக்கும்" என்றார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்போது இருந்த வசதிக்கு, நோய் வந்தவர்களின் ரத்தத்தில்தான் ஏதாவது தெரியும். கோளாறு ஒன்றே ஒன்று இருந்து நன்றாக நடமாடுகிறவர்களின் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன். ஏதாவது தெரிந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு வந்து நின்றார். "வெறும் வயித்தோட வந்திருக்கேன்" என்றார். அதெல்லாம் தேவையில்லை மாமா என்றேன். பரவாயில்லை என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் ரத்தம் ஒரு குழாயில், என் ரத்தம் ஒரு குழாயில். மூன்று நாள் உடம்புச் சூட்டிலேயே வைத்து வளர்க்க வேண்டும். மதுரையில் கரண்ட் போகாத நாள் கிடையாது. போகும்போதெல்லாம் சுடுதண்ணீர் பாட்டில்களைப் பெட்டிக்குள் அடுக்கிச் சூட்டைக் காப்பாற்றுவோம். அந்த மூன்று நாளும் அந்த ரெண்டு குழாய்களை நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரையும் எதையும் பார்த்துக்கொண்டதில்லை. வளர்ந்த ரத்தத்தின் மேல் வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா விளக்குப் போட்டு, கண்ணாடியில் சொட்டி, சாயம் ஏற்றிப் பார்த்தேன். என்னுடையதும் அவருடையதும் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. அதற்கு அர்த்தம் ஒன்றுமே இல்லை.

மாமா பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர் மாதிரி வெளியே புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்: "ஒன்னும் தெரியல மாமா. கோளாறு இருந்தாலும் இதுல தெரியாது. இல்லாட்டியும் தெரியாது."

"அப்ப எதுக்கு எடுத்தே?"

"நீங்கதான எடுக்கச் சொன்னீங்க."

லேசாகச் சிரித்தார். செருப்பு நுனியால் தரையில் கிடந்த புங்கங்காயைத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ரத்தம் கெட்டுக் கெடக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல புள்ள. நான் பேசாமப் போயிருப்பேன்ல" என்றார்.

மனுசனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 'ஆமா மாமா, எனக்கு வேணாம்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்ட மாதிரி நின்றேன். அவரே, "சரி, நான் பாத்துக்கிறேன். நீ போயி வேலையப் பாரு" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயந்திரம் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, எங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் சேரலையாம்."

நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்கவில்லை என்றால் உதைத்திருப்பாள். ஜாதகம் சேரவில்லை என்றால் நாலு ஜோசியரிடம் போய், கோயிலுக்குப் பரிகாரம் செய்து சேர்த்திருப்பாள். ரத்தத்துக்கு என்ன பரிகாரம் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "ஆமாவாடி?" என்று என்னைக் கேட்டாள். தலையை ஆட்டினேன். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா, எனக்கே தெரியாது. அம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷக் கட்டு ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் அவிழ்ந்துவிட்டது.

அவிழ்ந்தது என்று நினைத்தேன், அவ்வளவுதான். அடுத்த மாதமே திருமங்கலத்திலிருந்து ஒரு சொந்தக்காரர் வெற்றிலைத் தட்டோடு வந்தார். மகளைத் தங்கச்சி மகனுக்குப் பேசியிருக்கிறார்களாம், நிச்சயத்துக்கு முன்னால் ரத்தப் பொருத்தம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். முடியாது, அப்படி ஒன்று கிடையாது என்றேன். "கோவிச்சுக்காதத்தா, நல்ல நாள் பாத்துத்தான் வந்திருக்கேன்" என்றார். இன்னொருத்தர் கம்பவுண்டரிடம் ரத்தம் எடுத்து, இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தார். அது பனங்கட்டி மாதிரி உறைந்து கிடந்தது. நான் ஜோசியக்காரி இல்லை என்று கத்தினேன். கத்தக் கத்த என் மேல் நம்பிக்கை கூடிப்போனது. சாதாரணப் பிள்ளையாக இருந்தால் இம்புட்டு ரோஷம் வருமா என்று பேசிக்கொண்டார்களாம்.

பேராசிரியரிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாரையும் விரட்டாதேம்மா. யாருக்கு யார் என்ன முறைன்னு கேட்டு வரைஞ்சு வச்சுக்க" என்றார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் ரெட்டைக் கோடு. வரைந்து வரைந்து தாள் தீர்ந்துபோனது. அப்படி வந்தவர்களில் உசிலம்பட்டிப் பக்கத்து வாத்தியார் ஒருவர், எழுந்து போகிற நேரத்தில், தன் அக்கா வீட்டில் வெயில் ஆகாத ரெண்டு பிள்ளைகளைப் பகலெல்லாம் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு இன்னொரு குடும்பம். யாருமே வெளியில் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த பிள்ளைகள், என் பொய்ப் பேரை நம்பி ஒவ்வொன்றாக எங்களுக்குத் தெரியவந்தன. என் ஆய்வேடு அப்படி வளர்ந்ததுதான். இப்போது மேடையில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள், அபூர்வப் புற்றுநோய்க்குத் தன்னை அர்ப்பணித்தவர் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு இருமல் மருந்து பாட்டில்தான் ஞாபகம் வரும்.

அந்தப் பிள்ளைகளுக்கு எங்களால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். வெயிலில் விடாதீர்கள், புண் வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லலாம். மேலூர்ப் பையன் என் ஆய்வேடு முடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். டாக்டரோடு துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவன் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இதற்கிடையில் மாமாவுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: ரத்தம் சேரவில்லை என்றால் யாருடைய ரத்தத்தில் கோளாறு? மாமாவின் அண்ணன்மார், "எங்க தம்பி ரத்தம் சுத்தம், அக்கா மகளோடதுதான் சரியில்ல" என்றார்கள். அம்மா அவர்களோடு சண்டைக்குப் போனாள். கூடப்பிறந்தவர்களுக்குள் பேச்சு நின்றது, போக்குவரத்து நின்றது. மாமா சாயந்திரக் காப்பிக்கு வருவதும் நின்றது. பெண் கொடுக்கிறவர்கள் இந்தச் சண்டையையும் கேள்விப்பட்டார்கள். ஒவ்வொரு இடமாகத் தட்டிப்போனது. எனக்கும் யாரும் கேட்டு வரவில்லை, அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை மாமாவுக்கு ஒரு இடம் தட்டிப்போன சேதி வந்ததும் அம்மா என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலும் அது கூடவே வந்தது. முன்பு எனக்கு ஒரு பக்கம்தான் சுவர். இப்போது நாலு பக்கமும். அதைக் கட்டியவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கட்டியவர். யாரைப் போய்த் திட்டுவது?

இப்படியே வருஷங்கள் போயின. எண்பதுகளில் ஒருநாள் மாமா ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். காதோரம் நரைத்திருந்தது. அதே மரத்தடியில் நின்றுதான் பேசினோம்.

"மேலூர்ல ஒரு இடம் வந்திருக்கு. நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். புள்ளைக்கும் என்னையப் புடிச்சிருக்காம். அவ அப்பாதான் ரத்தம், ரத்தம்னு நிக்கிறாரு. ரத்தம் பாத்த புள்ளையே வந்து சொன்னாத்தான் நம்புவேங்கிறாரு." கொஞ்சம் தயங்கினார். "வாரியா? ரத்தம் நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிரு. வேற ஒன்னும் வேணாம்."

"வாரேன் மாமா" என்றேன். அவருக்காக நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

பெண்ணின் அப்பா நெல் வியாபாரி. கூடம் நிறைய ஆட்கள். எனக்கு ஒரு இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள். சாட்சி சொல்ல வந்தவள் மாதிரி உட்கார்ந்தேன். மாமா எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். பெண் அடுப்படி வாசலில் பாதி மறைந்து நின்றாள். நல்ல முகம்.

"ஏத்தா, நீதான ரத்தம் பாத்தது?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஆமாங்க."

"இவரு ரத்தம் எப்பிடி?"

"நல்லாருக்குங்க. ஒரு கொறையும் தெரியல."

"ஒன் ரத்தம்?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். வியாபாரி இல்லையா, எடையை விட மாட்டார். "ரெண்டு ரத்தமும் நல்ல ரத்தம்னா, நீ ஏன் ஒங்க மாமனக் கட்டல?"

மாமா குனிந்துகொண்டார். இந்தக் கேள்வி வரும் என்று ரெண்டு பேருமே யோசித்திருக்கவில்லை. தனித்தனியாக நல்ல ரத்தம், சேர்ந்தால்தான் ஆகாது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்கள். ஆனால் இவர்களும் எங்களுக்குச் சொந்தம். அப்படிச் சொன்னால், எங்க ரத்தத்தோடயும் சேராதே என்று இந்தப் பெண்ணும் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே ஒரு பதில்தான் மிச்சம் இருந்தது.

"எனக்கு இவரக் கட்டிக்கப் புடிக்கலைங்க" என்றேன். குரல் எனக்கே புதுசாக இருந்தது. "படிக்கணும்னு ஆச. அதான் காரணம். ரத்தம் சேரலைங்கிறது பொய்."

"பொய்யா? யாரு சொன்ன பொய்யி?"

மாமா தலையைத் தூக்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள், "நான் சொன்னது" என்றேன்.

பெண்ணின் அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அம்புட்டுத்தானா? நான் என்னமோ ஏதோன்னுல்ல பயந்து கெடந்தேன். பொட்டப்புள்ளைக்குப் புடிக்கல, இது ஒரு காரியமா?" கூடமே சேர்ந்து சிரித்தது. உள்ளேயிருந்து கேசரி வந்தது. எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். பிறந்ததிலிருந்து என் தொண்டையில் சிக்கிக் கிடந்த வார்த்தை அது. வெளியே வந்து விழுந்தபோது அதற்கு ஒரு பிடி கேசரிக்கு உள்ள மதிப்புகூட இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "படிச்சா இந்தத் திமிருதான் வரும்" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் தட்டைத் தூக்கி எறிய வேண்டும் போல் இருந்தது. எறியாமல் எழுந்துகொண்டேன்.

மாமா வாசல் வரை வந்தார். "இரு, பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வாரேன்" என்றார். வேணாம் மாமா, நீங்க உள்ள போங்க என்றேன். என்னவோ சொல்ல வந்தவர், "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. சந்தோஷமா, காயமா என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை. அந்த ரோட்டில் முதல் தடவையாகத் தனியாகப் பஸ்சில் ஊர் திரும்பினேன்.

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். "என்னடி ஆச்சு?"

"முடிஞ்சுருச்சு. பொண்ணு குடுக்குறாங்க."

"என்ன சொன்னே?"

"ரத்தம் சேரலைங்கிறது பொய்யின்னு சொன்னேன். எனக்கு மாமாவக் கட்டிக்கப் புடிக்கலைன்னு சொன்னேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு ஆரம்பித்தாள்: "இதை அன்னிக்கே எங்கிட்டச் சொல்லித் தொலைச்சிருந்தா எந்தம்பிக்கு இம்புட்டு வருசம் வீணாப் போயிருக்குமா? அண்ணன் தம்பி மூஞ்சியில முழிக்காம நான் கெடந்திருப்பனா? எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியாம்மா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது எனக்குத் தெரிந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. என் அம்மாவிடம் ஆயிரம் குறை சொல்வேன், ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"மாட்டேன்" என்றாள். "கட்டித்தான் வச்சிருப்பேன்."

பிறகு எழுந்து உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்தாள். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.